உலாவியின் முகப்புப் பக்கத்தை மாற்றுதல்: மலையகப் பயனாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

குரோம், எட்ஜ் போன்று இணையத்தளங்களைப் பார்க்க உதவும் மென்பொருளான உலாவியைத் திறந்தவுடன் எந்தப் பக்கம் கண்முன் வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதைப் பயன்படுத்துபவருக்கே உரியது. ஆயினும் பெரும்பாலான கணினிகளில் அந்த முதற்பக்கத்தை உலாவியைத் தயாரித்த நிறுவனமோ, கணினியை விற்றவரோ, இடையில் நிறுவப்பட்ட ஏதோ ஒரு மென்பொருளோ முடிவு செய்திருக்கும். வேகமான இணைப்பு உள்ள நகரத்தவருக்கு இது சிறிய விடயமாகத் தோன்றலாம். இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள தோட்டத்தில், கோயிலடிக்கு ஏறினால்தான் சிக்னல் முழுமையாகக் கிடைக்கும் இடத்தில், ரீலோட் செய்த டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமன்று. படங்களும் விளம்பரங்களும் நிறைந்த செய்திப் பக்கம் ஒன்று ஒவ்வொரு முறையும் கேட்காமலே திறக்கிறது. அது பாதி வந்த நிலையில் சுற்றிக்கொண்டே நிற்கிறது. உண்மையில் தேவைப்பட்ட பக்கம் அதற்குப் பின்னரே வருகிறது. முகப்புப் பக்கத்தை மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியவற்றை, ஒவ்வோர் உலாவிக்கும் தனித்தனியாக, இங்கே விளக்குகிறேன்.

முதலில் பிரித்தறிய வேண்டிய மூன்று பக்கங்கள்

"முகப்புப் பக்கத்தை மாற்றினேன், ஆனால் உலாவியைத் திறந்தால் பழைய பக்கமே வருகிறது" என்பதே இவ்விடயத்தில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. மூன்று வெவ்வேறு பக்கங்களை ஒன்றாகக் கருதுவதே இதற்குக் காரணமாகும்.

வீட்டுச் சின்னம் உள்ள பொத்தானை அழுத்தும்போது வருவது முகப்புப் பக்கம். உலாவியை மூடிவிட்டு மீண்டும் திறக்கும்போது தானாக வருவது தொடக்கப் பக்கம். ஏற்கெனவே திறந்துள்ள உலாவியில் கூட்டல் குறியை அழுத்திப் புதிய தாவல் ('டேப்') ஒன்றைத் திறக்கும்போது வருவது புதிய தாவல் பக்கம். குரோமிலும் எட்ஜிலும் இவை மூன்றும் தனித்தனி அமைப்புகள். ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறாது. பயர்பாக்ஸில் முகப்புப் பக்கமும் தொடக்கப் பக்கமும் ஒரே அமைப்பின் கீழ் வருவதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. புதிய தாவல் பக்கத்தை நாம் விரும்பும் இணையத்தளமாக மாற்றும் வசதியைக் குரோமும் பயர்பாக்ஸும் தம் சாதாரண அமைப்புகளில் தருவதில்லை. அதற்கென நீட்சிகள், அதாவது உலாவியுடன் சேர்த்து நிறுவும் சிறு மென்பொருள்கள், உள்ளன. ஆனால் அவற்றை நிறுவ வேண்டாம் என்பதே என் கருத்து. அவ்வாறான நீட்சிகளுக்கு நாம் பார்க்கும் பக்கங்களையும் தேடும் சொற்களையும் கண்காணிக்கும் அனுமதியைக் கொடுக்க வேண்டி வரலாம். கிடைக்கும் பயனோடு ஒப்பிட்டால் கொடுக்கும் விலை அதிகம்.

எந்தப் பக்கத்தைத் தெரிவு செய்வது

அமைப்புகளைத் திறப்பதற்கு முன் இதை யோசித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மாற்றும் வேலையை விட இந்தத் தெரிவுதான் பயனைத் தீர்மானிக்கிறது.

மலைச்சரிவில் குடியிருப்பவர்களுக்கு, மழைக்காலத்திலேனும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையத்தளத்தை முகப்புப் பக்கமாக வைக்குமாறு நான் வற்புறுத்திக் கூறுவேன். மண்சரிவு முன்னெச்சரிக்கைகளை வெளியிடும் பொறுப்பு அந்நிறுவனத்துடையது. எச்சரிக்கைகள் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை செல்லுபடியாகும் என்ற குறிப்புடன் வெளிவருகின்றன. மஞ்சள் நிறம் முதலாம் நிலை, அதாவது விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் இரண்டாம் நிலை, வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு மூன்றாம் நிலை, உடனே வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயங்களை மண் மூடியதை மலையகம் மறக்கவில்லை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துச் சரிவுகளுக்குத் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை கனமாக இருக்கும் மே மாதம் முதல் செப்டெம்பர் வரையும், பதுளை, பண்டாரவளை, பசறை பக்கத்துக்கு ஒக்டோபரில் தொடங்கும் இடைப்பருவ மழையும் அதைத் தொடரும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையும் பெய்யும் மாதங்களிலும் இந்தப் பக்கம் தானாகத் திறப்பது பொருத்தமானது. அதன் முகவரி, ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டிய வரிசைப்படி, என்பிஆர்ஓ, புள்ளி, ஜிஓவி, புள்ளி, எல்கே என்பதாகும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சிக்னல் இல்லாத நேரத்தில் உலாவி முன்பு சேமித்து வைத்த பழைய பக்கத்தைக் காட்டக்கூடும். ஆகவே பக்கத்தில் உள்ள திகதியையும் நேரத்தையும் பார்த்த பின்னரே நிறத்தை நம்ப வேண்டும். ஐயமிருந்தால் விசைப்பலகையில் எஃப் 5 விசையை அழுத்திப் புதுப்பிக்க வேண்டும். இணையம் முற்றாக இல்லாதபோது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற துரித இலக்கத்தை அழைக்கலாம். சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் எந்தப் பக்கமும் திறக்கும் வரை காத்திராமல் வெளியேற வேண்டும்.

பிள்ளைகள் பயன்படுத்தும் கணினிக்குக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளம் ஏற்றது. பாடங்கள் தரவாரியாகவும் மூன்று மொழிகளிலும் இருப்பதால், தளத்தின் முதற்பக்கத்தை வைப்பதிலும் பார்க்க, பிள்ளையின் தரத்துக்குரிய தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, அந்த முகவரியையே முகப்புப் பக்கமாக வைப்பது சிறந்தது. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு தடவை அழுத்தி உள்ளே செல்ல வேண்டியதில்லை. வாசிகசாலைக் கணினியாயின் 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தை வைக்கலாம். இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் அங்கே பெருமளவில் உள்ளன.

டேட்டாவை மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கமாயின் வெற்றுப் பக்கத்தை வைக்கலாம். முகவரி கேட்கும் இடத்தில், ஆங்கில எழுத்துகளில் 'அபௌட்' என்று தட்டி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் 'பிளாங்க்' என்று தட்டினால் போதும். எதுவும் இறங்காத வெள்ளைப் பக்கம் உடனே வரும். பலர் வந்து பயன்படுத்தும் கொமியுனிகேஷன் கடைகளுக்கு இதுவே மிகப் பொருத்தம்.

முகப்புப் பக்கமாக வைக்கக் கூடாதவையும் உண்டு. மின்னஞ்சல் பெட்டி, வங்கிக் கணக்கு, முகநூல் ஆகியவற்றில் உள்நுழைந்த பின் தோன்றும் பக்கத்தின் முகவரியை நகலெடுத்து வைப்பது தவறு. அந்த நீண்ட முகவரியில் அப்போதைய உள்நுழைவுக்கு மட்டும் பொருந்தும் பகுதிகள் இருக்கலாம். மறுநாள் அது பிழைச் செய்தியையே தரும். பொதுக் கணினியாயின் அடுத்தவர் கண்ணில் உங்கள் கணக்கு படவும் கூடும். தளத்தின் குறுகிய முதன்மை முகவரியையே பயன்படுத்துங்கள்.

தமிழ் எழுத்திலேயே முகவரி கொண்ட தளங்களையும் வைக்க முடியும். '.இலங்கை' என்று முடியும் முகவரிகள் 2010 முதல் நடைமுறையில் உள்ளன. அவ்வாறான முகவரியை இட்டபின் பெட்டியில் எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவை தெரிந்தால் அது பிழையன்று. உலாவி அம்முகவரியை உள்ளே எழுதிக்கொள்ளும் முறை அது.

குரோம்

மலையகத்தில் அதிகம் காணப்படும் உலாவி இதுவாகையால் படிப்படியாகத் தருகிறேன். கணினிகள் பெரும்பாலும் ஆங்கில இடைமுகத்தில் இருப்பதால், திரையில் காணும் ஆங்கிலப் பெயர்களின் ஒலியையே மேற்கோள் குறிக்குள் தந்துள்ளேன்.

1. விரும்பிய தளத்தை முதலில் ஒரு தாவலில் திறந்து, மேலேயுள்ள முகவரிப் பட்டையில் உள்ள முகவரியை முழுமையாகத் தெரிவு செய்து நகலெடுங்கள். கையால் தட்டும்போது ஏற்படும் எழுத்துப் பிழை இதனால் தவிர்க்கப்படும்.

2. வலப்பக்க மேல் மூலையில் ஒன்றன் கீழ் ஒன்றாக உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, விரியும் பட்டியலின் அடிப்பகுதியில் உள்ள 'செட்டிங்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

3. இடப்பக்கப் பட்டியலில் 'அப்பியரன்ஸ்' என்பதை அழுத்துங்கள். அங்கே 'ஷோ ஹோம் பட்டன்' என்ற வரியின் எதிரே சிறிய ஆளி ஒன்று இருக்கும். அது அணைந்திருந்தால் முகப்புப் பக்கம் வைத்திருந்தாலும் அதற்குச் செல்லும் வீட்டுச் சின்னம் திரையில் தெரியாது. அதை இயக்குங்கள்.

4. ஆளியை இயக்கியவுடன் கீழே இரண்டு தெரிவுகள் தோன்றும். ஒன்று புதிய தாவல் பக்கம். மற்றொன்று வெற்றுப் பெட்டி. பெட்டிக்கு முன்னுள்ள வட்டத்தைத் தெரிவு செய்து, நகலெடுத்த முகவரியை அதில் ஒட்டுங்கள். சேமிக்கத் தனிப் பொத்தான் இல்லை. பெட்டிக்கு வெளியே ஒருமுறை அழுத்தினால் போதும்.

5. முகவரிப் பட்டையின் இடப்பக்கத்தில் வீட்டுச் சின்னம் தோன்றியிருக்கும். அதை அழுத்திச் சரிபாருங்கள். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி ஹோம் விசையை அழுத்தினாலும் அதே பக்கம் வரும்.

இத்துடன் வேலை பாதியே முடிந்தது. உலாவியைத் திறந்தவுடனேயே அப்பக்கம் வர வேண்டுமாயின், அதே 'செட்டிங்ஸ்' பகுதியின் இடப்பக்கப் பட்டியலில் 'ஒன் ஸ்டார்ட்டப்' என்பதற்குச் செல்ல வேண்டும். அங்கே மூன்று தெரிவுகள் உள்ளன: புதிய தாவல் பக்கத்தைத் திறத்தல், விட்ட இடத்திலிருந்து தொடர்தல், குறிப்பிட்ட பக்கத்தை அல்லது பக்கங்களைத் திறத்தல். மூன்றாவதைத் தெரிவு செய்து, 'அட் எ நியூ பேஜ்' என்பதை அழுத்தி முகவரியை ஒட்டுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களையும் சேர்க்கலாம். எனினும் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு முறையும் டேட்டாவை எடுக்கும் என்பதால் இரண்டுக்கு மேல் வேண்டாம். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கைப் பக்கமும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் பக்கமும் போதுமானவை. இரண்டாவது தெரிவான 'விட்ட இடத்திலிருந்து தொடர்தல்' சொந்தக் கணினிக்கு வசதியானது. பலர் பயன்படுத்தும் கணினியில் அதை வைத்தால் முன்பு இருந்தவர் திறந்த பக்கங்கள் அடுத்தவருக்குத் திறக்கும்.

எட்ஜ்

புதிய விண்டோஸ் கணினிகளுடன் வரும் எட்ஜின் புதிய தாவல் பக்கம், மாற்றாமல் விட்டால், செய்திகளும் படங்களும் நிறைந்ததாக இருக்கும். டேட்டாவைப் பற்றிய கவலை உள்ளவர் முதலில் திருத்த வேண்டிய உலாவி இதுவே. மூன்று புள்ளிகளை அழுத்தி 'செட்டிங்ஸ்' சென்று, 'ஸ்டார்ட், ஹோம்' என்று தொடங்கும் பகுதியைத் திறந்தால், தொடக்கப் பக்கமும் வீட்டுப் பொத்தானும் ஒரே இடத்தில் இருக்கும். மேற்பகுதியில் 'ஓப்பன் தீஸ் பேஜஸ்' என்பதைத் தெரிவு செய்து முகவரியைச் சேருங்கள். அதன் கீழ் வீட்டுப் பொத்தானின் ஆளியை இயக்கி, பெட்டியில் முகவரியை இட்டு, 'சேவ்' என்பதை அழுத்துங்கள். குரோமைப் போலன்றி இங்கே சேமிக்க வேண்டும். புதிய தாவல் பக்கத்தைத் திறந்து, அதன் மூலையில் உள்ள பற்சக்கரச் சின்னத்தை அழுத்திச் செய்திகளை அணைத்துவிட்டால் இணைப்பின் சுமை கணிசமாகக் குறையும்.

இப்பகுதியின் பெயரும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதுண்டு. எந்த உலாவியிலும் தேடியது கிடைக்காவிட்டால், அமைப்புகள் பக்கத்தின் தேடற்பெட்டியில் ஆங்கிலத்தில் 'ஹோம்' என்று தட்டுவதே குறுக்குவழி.

பயர்பாக்ஸ்

மூன்று கோடுகள் உள்ள பட்டியலில் 'செட்டிங்ஸ்' சென்று, இடப்பக்கத்தில் 'ஹோம்' என்பதை அழுத்துங்கள். 'ஹோம்பேஜ் அண்ட் நியூ விண்டோஸ்' என்ற வரியின் எதிரே உள்ள பட்டியலில் 'கஸ்டம் யூஆர்எல்ஸ்' என்பதைத் தெரிவு செய்து முகவரியை ஒட்டினால் முடிந்தது. தொடக்கத்திலும் அதே பக்கம் வரும். பல பக்கங்கள் வேண்டுமாயின் முகவரிகளுக்கு இடையே செங்குத்துக் கோடு இட வேண்டும், அல்லது வேண்டிய பக்கங்களை மட்டும் தாவல்களில் திறந்து வைத்து, இப்போதுள்ள பக்கங்களைப் பயன்படுத்தும் பொத்தானை அழுத்தலாம். தொடக்கத்தில் மட்டும் பழைய தாவல்கள் திரும்பத் திரும்ப வந்தால், 'ஜெனரல்' பகுதியில் முன்னைய சாளரங்களைத் திறக்கும் தெரிவில் இட்ட சரி அடையாளத்தை நீக்குங்கள். வீட்டுச் சின்னம் இல்லையெனில், கருவிப்பட்டையில் சுட்டியின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'கஸ்டமைஸ் டூல்பார்' என்பதைத் தெரிவு செய்து, அங்கிருந்து சின்னத்தை இழுத்து வந்து வைக்கலாம்.

பழைய கணினிகள் பற்றி ஒரு குறிப்பு. விண்டோஸ் 7 உள்ள கணினிகள் தோட்டப் பாடசாலைகளிலும் சங்க அலுவலகங்களிலும் இன்னும் இயங்குகின்றன. அவற்றில் குரோமின் 109 ஆம் பதிப்பே இறுதியானது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவிக்கான ஆதரவு 2022 ஜூன் 15 அன்று விலக்கப்பட்டது. முகப்புப் பக்கத்தை மாற்றும் முறை அந்தப் பழைய குரோமிலும் ஏறக்குறைய மேலே சொன்னதேயாயினும், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத உலாவியில் கடவுச்சொல் தேவைப்படும் வேலைகளைச் செய்யக் கூடாது.

ஆப்பிள் கணினியின் சபாரியில் 'செட்டிங்ஸ்', பின் 'ஜெனரல்' சென்று, 'ஹோம்பேஜ்' பெட்டியில் முகவரியை இட்டு, புதிய சாளரம் எதனுடன் திறக்க வேண்டும் என்ற வரியிலும் 'ஹோம்பேஜ்' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். இந்த இரண்டாவது படியைப் பலர் தவறவிடுகின்றனர்.

கைத்தொலைபேசியில்

அன்ட்ரொயிட் தொலைபேசியின் குரோமில் மூன்று புள்ளிகள், 'செட்டிங்ஸ்', 'ஹோம்பேஜ்' என்று சென்று, ஆளியை இயக்கி, முகவரியை இடலாம். வீட்டுச் சின்னத்தை அழுத்தினால் அது வரும். ஏற்கெனவே திறந்த தாவல்கள் இருந்தால் குரோம் பெரும்பாலும் அவற்றுக்கே திரும்பும்; முகப்புப் பக்கம் தானாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஐபோனின் குரோமிலும் சபாரியிலும் இந்த வசதி இல்லை. அங்கே பகிர்வுச் சின்னத்தை அழுத்தி 'அட் டு ஹோம் ஸ்கிரீன்' என்பதைத் தெரிவு செய்தால், அந்தப் பக்கத்துக்கான சின்னம் தொலைபேசித் திரையிலேயே அமரும். அன்ட்ரொயிட்டிலும் இதைச் செய்யலாம். வயதான பெற்றோரின் தொலைபேசிக்கு உலாவி அமைப்புகளை விட இதுவே இலகுவானது என்பேன். சிக்னல் கிடைக்கும் இடத்தில் அன்ட்ரொயிட் குரோமின் பட்டியலில் உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்திப் பாடப் பக்கத்தைப் பதிவிறக்கி வைத்தால், வீட்டில் இணைப்பே இல்லாமல் அதை வாசிக்கலாம்.

பாடசாலைக் கணினி அறையில்

முகப்புப் பக்கம் கணினிக்கு உரியதன்று. விண்டோஸ் பயனர் கணக்குக்கும், அதற்குள் உள்ள உலாவிச் சுயவிவரத்துக்கும் உரியது. ஆசிரியரின் கணக்கில் மாற்றியது மாணவரின் கணக்கில் தெரியாது. மாணவர் நுழையும் கணக்கிலிருந்தே மாற்றத்தைச் செய்ய வேண்டும். ஆசிரியர்கள் தம் சொந்தக் கூகுள் கணக்கால் அறையிலுள்ள குரோமில் உள்நுழைந்து ஒத்திசைவை ('சிங்க்') இயக்குவதைத் தவிர்க்க வேண்டும். அவ்வாறு செய்தால் முகப்புப் பக்கத்துடன் அவருடைய புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அந்தக் கணினிக்கு வந்து சேரும். 'மனேஜ்ட் பை யுவர் ஓகனைசேஷன்' என்ற வரி தெரிந்தால், அமைப்பு நிர்வாகியால் பூட்டப்பட்டுள்ளது என்று பொருள். அவரிடமே கேட்க வேண்டும்.

மாற்றியது நிலைக்காவிட்டால்

சரியாக மாற்றிய பின்னரும் அறியாத தேடல் பக்கம் ஒன்று திரும்ப வந்தால், இலவச மென்பொருளுடன் ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒன்று அமைப்பைக் கைப்பற்றியுள்ளது. நிறுவும்போது முன்கூட்டியே சரி அடையாளம் இட்ட பெட்டிகளைப் பார்க்காமல் 'நெக்ஸ்ட்' என்று அழுத்திச் செல்வதே இதற்குப் பெரும்பாலும் வழி திறக்கிறது.

முதலில் குரோமின் 'ஒன் ஸ்டார்ட்டப்' பகுதியைப் பாருங்கள். நீட்சி ஒன்று இந்த அமைப்பைக் கட்டுப்படுத்துகிறது என்ற அறிவிப்பு இருந்தால் அதன் அருகிலேயே 'டிசேபிள்' பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டு, நீட்சிகளின் பட்டியலுக்குச் சென்று, நீங்கள் நிறுவாதவற்றை முற்றாக நீக்குங்கள். விண்டோஸின் செயலிப் பட்டியலிலும் பழக்கமற்ற பெயர்களைத் தேடி அகற்றுங்கள்.

அதன் பின்னும் பக்கம் வந்தால், டெஸ்க்டொப்பில் உள்ள குரோம் சின்னத்தின் மீது சுட்டியின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'புரொப்பர்ட்டீஸ்' என்பதைத் திறவுங்கள். 'டார்கெட்' என்ற பெட்டியில் உள்ள நீண்ட வரியின் கடைசி வரை அம்பு விசையால் நகர்ந்து பாருங்கள். குரோம், புள்ளி, ஈஎக்ஸ்ஈ என்பதையும் அதை மூடும் மேற்கோள் குறியையும் அடுத்து ஏதேனும் இணைய முகவரி தொங்கிக்கொண்டிருந்தால், அதுவே குற்றவாளி. அந்த முகவரியை மட்டும் அழித்து 'ஓகே' அழுத்துங்கள். உலாவியின் உள்ளே எத்தனை முறை திருத்தினாலும் பலிக்காததன் காரணம் பல வேளைகளில் இங்கேதான் ஒளிந்திருக்கும். பணிப்பட்டையில் பொருத்தியுள்ள சின்னத்திலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் கடைசி வழி, குரோமின் அமைப்புகளில் 'ரீசெட் செட்டிங்ஸ்' என்பதாகும். அது தொடக்கப் பக்கத்தையும் தேடுபொறியையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும், நீட்சிகளை அணைக்கும், உள்நுழைவை நினைவில் வைக்கத் தளங்கள் கணினியில் இடும் சிறு கோப்புகளான குக்கீகளை அழிப்பதால் தளங்களிலிருந்து நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள். புத்தகக்குறிகளும் வரலாறும் சேமித்த கடவுச்சொற்களும் அழியா. எட்ஜிலும் இதே பெயரில் இவ்வசதி உள்ளது. பயர்பாக்ஸில் உதவிப் பட்டியலின் 'மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபமேஷன்' பக்கத்தில் 'ரிஃப்ரெஷ் பயர்பாக்ஸ்' என்று காணலாம், ஆனால் அது நீட்சிகளை முற்றாக நீக்கிவிடும். சொந்தக் கணினியிலேயே 'மனேஜ்ட் பை யுவர் ஓகனைசேஷன்' என்ற வரி தெரிந்தால் மீளமைத்தாலும் பயனில்லாமல் போகலாம். அந்நிலையில் விண்டோஸ் டிஃபென்டரின் முழுச் சோதனையை இரவில், மின்னேற்றியைச் செருகிய நிலையில், ஓட விடுங்கள். மீளமைத்த பின் முகப்புப் பக்கத்தையும் தொடக்கப் பக்கத்தையும் மீண்டும் இட்டு, உலாவியை முழுமையாக மூடித் திறந்து, ஆல்ட்டும் ஹோமும் அழுத்தி, இரண்டும் நீங்கள் வைத்த பக்கத்துக்கே செல்கின்றனவா என்று பாருங்கள்.